ஒளிக்குப் பெயர் வைத்தவர்கள்

1852ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஏறத்தாழ 100 பக்க நீளத்துக்கு ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். அயர்லாந்தின் ஸ்லைகோ வட்டாரத்தில் ஸ்க்ரீன் என்ற சிற்றூரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் நியூட்டன் வகித்த லூகாசியன் பேராசிரியர் பதவி 1849இல் அவருக்குக் கிடைத்திருந்தது. சில பொருள்கள் மேல் விழும் ஒளி, நிறம் மாறி வெளியே வருவதைப் பற்றிய கட்டுரை அது. அதில் ஓரிடத்தில், அதுவரை தான் பயன்படுத்திவந்த நீண்ட பெயர் தனக்கே பிடிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, அடிக்குறிப்பில் ஒரு புதுச் சொல்லை முன்வைக்கிறார். ஓப்பல் கல்லிலிருந்து ஓப்பலெசன்ஸ் வந்ததுபோல ஃப்ளூர்ஸ்பார் கல்லிலிருந்து ஃப்ளூரெசன்ஸ் என்று வைத்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார். மறு ஆண்டே அந்தத் தயக்கம் போய்விட்டது. அடுத்த கட்டுரையில் அதுவே பெயர்.

பல ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். பாடநூலில் ஒரு வரியில் முடிந்துபோகும் இந்தப் பெயர் என்னை விடவே இல்லை. இந்தப் பெயர் சிலருக்கு வழிகாட்டியிருக்கிறது. சிலருக்கு வழியை மறைத்தும் இருக்கிறது. அப்படி மறைக்கப்பட்டவர்களில் ஒருவர் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியில் படித்தவர்.

முதலில் அந்தப் பெயரின் விகுதி. லத்தீன் வினைச்சொல்லுக்குள் ‘எஸ்க்’ என்ற அசை வந்தால், அந்தச் செயல் தொடங்கிவிட்டது, மெல்ல மெல்ல அப்படி ஆகிவருகிறது என்று பொருள். அங்கிருந்துதான் ஆங்கிலத்தின் ‘எசன்ஸ்’ முடிவு வந்தது. மூப்பு ஏறிக்கொண்டிருப்பது செனெசன்ஸ். நோய் விட்டு உடம்பு தேறிவருவது கன்வலெசன்ஸ். பிள்ளை வளர்ந்து ஆளாகிவரும் பருவம் அடொலெசன்ஸ். ஒரு பொருள் புழக்கத்திலிருந்து கழன்றுகொண்டே போவது ஆப்சொலெசன்ஸ். எதுவும் முடிந்த நிலையைச் சொல்லவில்லை; எல்லாம் நடந்துகொண்டிருப்பவை. ஒளியை ஆராய்ந்தவர்கள் இந்த விகுதியை விரும்பி எடுத்துக்கொண்டார்கள். சூடேறிச் சூடேறி இரும்பு ஒளி விடுவது இன்கேண்டெசன்ஸ். மயில் கழுத்தில் நிறம் புரள்வது இரிடெசன்ஸ். ஓப்பல் கல்லைப்போல் பால்வண்ணத்தில் மினுங்குவது ஓப்பலெசன்ஸ். ஓப்பல் என்பதில் வினை எதுவும் கிடையாது. அது வெறும் கல்லின் பெயர். ஆனால் கல்லின் பெயரோடு அந்த விகுதியை ஒட்டும் வழக்கம் ஏற்பட்டுவிட்டது. ஸ்டோக்ஸ் அந்த வழக்கத்தைப் பின்பற்றினார்.

ஃப்ளூர்ஸ்பார் என்ற பெயருக்கும் ஒளிக்கும் உறவு இல்லை. உலோகம் உருக்குபவர்கள் தாதுவோடு இந்தக் கல்லைப் போட்டால் கசடு இளகி எளிதில் ஓடும். ஓடுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து கல்லுக்குப் பெயர் வந்தது. பற்பசையில் நாம் பார்க்கும் ஃப்ளூரைடும் இதே கல்லின் வழி வந்ததுதான். இங்கிலாந்தின் வடக்கே ஈயச் சுரங்கங்களில் கிடைத்த பச்சை நிறப் படிகங்கள் சிலவற்றை வெயிலில் பிடித்தால் நீலமாகத் தெரியும். ஊடுருவிப் பார்த்தால் பச்சை, மேலே பார்த்தால் நீலம். ஸ்டோக்ஸுக்குப் பெயர் கொடுத்த அந்த நீலம் பெரும்பாலும் கல்லுக்குள் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் யூரோப்பியம் என்ற தனிமத்தால் வருவது. யூரோப்பியம் என்ற ஒன்று உண்டு என்பதே 1901இல்தான் தெரிந்தது. கலப்பில்லாத ஃப்ளூர்ஸ்பார் அப்படி ஒளிராது. அதாவது எந்தக் கல்லின் பெயரை அந்த ஒளிக்கு வைத்தாரோ, அந்தக் கல் ஒளிர்ந்ததே அதன் கலப்பால்தான். ‘கலப்பு’ என்ற இந்தச் சொல்லைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 70 ஆண்டுகள் கழித்துக் கல்கத்தாவில் அது மறுபடி வரும்.

பெயர் புதிது, காட்சி பழையது. ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரத்து மருத்துவர் நிக்கோலாஸ் மோனார்டெஸ் 1565இல் வெளியிட்ட நூலில் ஒரு மரத்தைப் பற்றி எழுதினார். மெக்சிகோவிலிருந்து வந்த கட்டை அது. சிறுநீரகக் கோளாறுக்கு அதைச் சீவி நீரில் ஊறவைத்துக் கொடுப்பார்கள். ஊறிய நீரில் நீலம் ஓடும். அந்த நீலம் ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றது. பின்னாளில் பிலிப்பைன்ஸிலிருந்தும் இப்படிப்பட்ட மரக்குவளைகள் போயின. பிலிப்பைன்ஸ் மரம் நம் வேங்கையின் நெருங்கிய உறவு. இரண்டுக்கும் தாவரவியலில் ஒரே பேரினம். நம்மூர் வேங்கையின் வைரத்தைக் கடைந்து செய்த குவளையில் இரவு நீர் ஊற்றி வைத்துக் காலையில் சர்க்கரை நோய்க்குக் குடிப்பவர்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த நீரைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மஞ்சள் பழுப்பான நீரின் விளிம்பில் நீலச் சாயை தெரியும். மோனார்டெஸ் பார்த்த வகைக் காட்சி அது. மரக்குவளையில் வைத்தே குடித்துவிட்டால் தெரியாது. அதற்கு வெயிலும் கண்ணாடியும் வேண்டும்.

இங்கிலாந்தில் ராபர்ட் பாயில் 1660களில் அந்த மெக்சிகோ மர நீரோடு மல்லுக்கட்டினார். அமிலத்தைச் சொட்டினால் நீலம் மறைகிறது, காரத்தைச் சேர்த்தால் திரும்பி வருகிறது என்று கண்டார். ஏன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அந்தக் காலத்தில் அது நிறங்களின் விளையாட்டு, அவ்வளவுதான்.

இன்னொரு கிளைக்கதை இத்தாலியின் பொலோனியாவில். 1603 வாக்கில் வின்சென்சோ காஷியரோலோ என்ற செருப்புத் தைப்பவர், இரசவாதத்திலும் பித்துக் கொண்டவர், ஊருக்கு அருகே பதெர்னோ மலையில் கனமான கற்களைப் பொறுக்கினார். அத்தனை கனம் இருந்ததால் உள்ளே தங்கம் இருக்கும் என்று நம்பிக் கரியோடு சேர்த்துச் சுட்டார். தங்கம் வரவில்லை. ஆனால் சுட்ட கல்லை வெயிலில் வைத்துவிட்டு இருட்டுக்குக் கொண்டுபோனால் அது தணல்போல் ஒளி விட்டது. அறிஞர்கள் திரண்டார்கள். கலிலியோவும் அந்தக் கல்லைப் பற்றிப் பேசினார். வெளிச்சத்தைச் சுமப்பது என்ற பொருளில் இப்படிப்பட்ட பொருள்களை பாஸ்பரஸ் என்று அழைத்தார்கள். அந்த விகுதியும் சேர்ந்து பாஸ்பரெசன்ஸ் ஆனது. பெயர்களின் குழப்பம் இங்கேயே தொடங்கிவிட்டது. 1669இல் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட் சிறுநீரைக் காய்ச்சி எடுத்த தனிமத்துக்கும் பாஸ்பரஸ் என்றே பெயர் நிலைத்தது. அது ஒளிர்வது காற்றோடு வினைபுரிவதால். ஆக பாஸ்பரஸ் ஒளிர்வது பாஸ்பரெசன்ஸ் ஆகாது. இதை ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்குச் சொல்லும்போது, ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் நோட்டிலிருந்து நிமிர்ந்து பார்ப்பார். அந்த ஒருவருக்காகவே நான் சொல்வேன்.

ஸ்டோக்ஸ் என்ன செய்தார் என்பதை நான் கரும்பலகையில் விளக்கியதைவிட மொட்டை மாடியில் விளக்கியதே அதிகம். அவருக்குப் பொருள் கொய்னா. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து 1820இல் பிரான்சின் பெல்லெத்தியேவும் கவாந்துவும் பிரித்தெடுத்த மலேரியா மருந்து. நீலகிரியில் 1860களில் ஆங்கிலேய அரசு மலைச்சரிவு முழுக்க நட்டது இந்த மரத்தைத்தான். கொய்னா கரைசல் தண்ணீர்போலத் தெளிவானது. ஆனால் வெயில் படும் பக்கத்தில் மேற்பரப்பை ஒட்டி மெல்லிய நீலப் படலம் தோன்றும். ஜான் ஹெர்ஷல் 1845இல் இதைப் பார்த்து, மேற்பரப்பில் ஒளி சிதறுகிறது என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். அதற்கு முன்பே டேவிட் புரூஸ்டர் இலைச்சாற்றுக்குள் செலுத்திய ஒளிக்கற்றை சிவப்பாகத் தெரிவதைக் கண்டு, உள்ளே சிதறுகிறது என்று பெயர் வைத்தார். ஒருவர் மேற்பரப்பு என்றார், மற்றவர் உள்ளே என்றார். இருவருமே சிதறல் என்றுதான் நம்பினார்கள். நிறம் ஏற்கெனவே ஒளியில் இருந்தது, பொருள் அதைப் பிரித்துக் காட்டுகிறது, அவ்வளவே என்பது அந்த நம்பிக்கை.

ஸ்டோக்ஸ் முப்பட்டகம் வைத்து வெயிலை வானவில்லாகப் பிரித்தார். கொய்னா நிரம்பிய குழாயைச் சிவப்பிலிருந்து ஊதாவை நோக்கி மெல்ல நகர்த்தினார். சிவப்பில் ஒன்றுமில்லை. மஞ்சளில், பச்சையில் ஒன்றுமில்லை. ஊதாவை நெருங்கும்போது நீலம் பிறந்தது. ஊதாவையும் தாண்டிக் கண்ணுக்கு வெறும் இருளாகத் தெரியும் இடத்துக்குக் குழாயைக் கொண்டுபோனார். அங்கே நீலம் இன்னும் நன்றாகத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒளி உள்ளே போகிறது, கண்ணுக்குத் தெரியும் ஒளி வெளியே வருகிறது. ஒளி வேறு ஒளியாக மாறுகிறது. நியூட்டன் காலத்திலிருந்து யாரும் நினைக்கத் துணியாத ஒன்று இது. ஒரு நிறத்து ஒளி எத்தனை முப்பட்டகம் கடந்தாலும் அதே நிறமாகவே இருக்கும் என்பதுதான் நியூட்டன் நிறுவியது.

இன்னொரு வழியையும் அவர் கையாண்டார். ஒளி வரும் பாதையில் நீலக் கண்ணாடி. பார்க்கும் கண்ணுக்கு முன்னால் மஞ்சள் வடிகட்டி. இரண்டையும் சேர்த்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒளி கடக்காது. தனித்தனியே பொருளுக்கு முன்னும் பின்னுமாக வைத்த பிறகும் பொருள் ஒளிர்ந்து தெரிந்தால், நடுவில் எங்கோ நிறம் மாறியிருக்கிறது. இரண்டு கண்ணாடித் துண்டு, ஒரு வெயில், ஒரு கேள்வி. ஆய்வுக்கூட வசதி இல்லாத கல்லூரிகளில் வேலை பார்த்த எனக்கு இந்த எளிமை எப்போதும் தெம்பு தந்தது. எங்கள் மாடியில் கொய்னா மாத்திரையைப் பொடித்து, நீர்த்த கந்தக அமிலத்தில் கலக்கி, சோதனைக் குழாய்களில் ஊற்றி வெயிலில் நிறுத்துவோம். விருதுநகர் மாவட்டத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. நீலம் வந்ததும் பிள்ளைகள் முகம் மாறும். அடுத்து ஒரு குழாயில் சமையல் உப்பை ஒரு சிட்டிகை போடச் சொல்வேன். நீலம் மங்கி அணைந்துவிடும். உப்பிலுள்ள குளோரைடு அந்த ஒளிர்வைக் கெடுக்கிறது. “கெட்டுப்போச்சா சார்?” என்று கேட்பார்கள். மருந்து கெடவில்லை, ஒளி மட்டும் போனது என்பேன். பாயிலின் அமிலச் சொட்டுக்கும் இந்த உப்புக்கும் 300 ஆண்டு தூரம். கை செய்யும் வேலை ஒன்றே.

பெயரை இப்போது மறுபடி பாருங்கள். சிதறல் என்று ஹெர்ஷலும் புரூஸ்டரும் வைத்த பெயர்களுக்குள் காரணம் ஒளிந்திருந்தது, அந்தக் காரணம் தவறாகவும் இருந்தது. ஸ்டோக்ஸ் வைத்த பெயரில் காரணமே இல்லை. கல்லின் பெயர், அத்தோடு ஒரு விகுதி. எப்படி நடக்கிறது என்பதை வருங்காலம் கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று இடம் விட்ட பெயர். ஆகிக்கொண்டிருப்பதைச் சொல்லும் அந்த விகுதி, வேறொன்றாக ஆகும் ஒளிக்கு வந்து பொருந்தியது வெறும் வழக்கத்தால் என்றாலும் எனக்கு அது மனநிறைவு தரும் பொருத்தம்.

பிறகு இந்தப் பெயர்கள் பெருகின. எய்ல்ஹார்ட் வீடெமான் என்ற ஜெர்மானியர் 1888இல் எல்லாவற்றுக்கும் பொதுவாக லூமினெசன்ஸ் என்றார். பாரிஸில் பெக்கெரெல் குடும்பம் பாஸ்பரெசன்ஸையே மூன்று தலைமுறைத் தொழிலாக நடத்தியது. எட்மண்ட் பெக்கெரெல், வெளிச்சம் நின்றபின் ஒளிர்வு எத்தனை நொடிப்பகுதி நீடிக்கிறது என்று அளக்கச் சுழலும் தட்டுகள் கொண்ட கருவி செய்தார். அவர் மகன் ஹென்ரி. 1895 நவம்பரில் ரான்ட்கென் எக்ஸ் கதிரைக் கண்டபோது அது குழாயின் ஒளிரும் கண்ணாடிச் சுவரிலிருந்து கிளம்பியது. அப்படியானால் ஒளிரும் பொருள் எல்லாமே எக்ஸ் கதிர் விடுமோ என்ற கேள்வி எழுந்தது. ஹென்ரி தன் வீட்டுச் சொத்தான யுரேனியம் உப்பை எடுத்தார். கருப்புத் தாளில் சுற்றிய ஒளிப்படத் தகட்டின் மேல் வைத்து வெயிலில் காட்டினார். தகடு கறுத்தது. 1896 பிப்ரவரிக் கடைசியில் பாரிஸில் மேகமூட்டம். தகட்டையும் உப்பையும் மேசை இழுப்பறையில் வைத்தார். மார்ச் 1ஆம் தேதி தகட்டைக் கழுவிப் பார்த்தால், வெயிலே படாத உப்பு தகட்டை நன்றாகக் கறுக்க வைத்திருந்தது. அது ஒளிர்வே இல்லை. ஆனாலும் சில மாதங்கள் அவர் அதைக் கண்ணுக்குத் தெரியாத பாஸ்பரெசன்ஸ் என்றே எழுதினார். குடும்பச் சொல்லை விட மனம் வரவில்லை. 1898இல் கியூரி தம்பதியர்தான் அதற்குக் கதிரியக்கம் என்ற பெயரைக் கொடுத்தார்கள். தவறான பெயரைப் பிடித்துக்கொண்டு போனவர் சரியான புதையலில் தடுக்கி விழுந்தார்.

கல்கத்தாவில் நடந்தது இதற்கு நேர் எதிர்.

1921இல் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பிய சி.வி. ராமன், மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த நீலம் வானத்தின் பிரதிபலிப்பா, நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதாலா என்ற கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. பவ்பஜார் தெருவில் 210ஆம் எண் கட்டடத்தில் இயங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், ராமனைச் சுற்றியிருந்த இளைஞர்கள் திரவம் திரவமாக எடுத்து ஒளிச்சிதறலை அளந்தார்கள். அவர்களில் ஒருவர் கே.ஆர். ராமநாதன். பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், அப்போது ரங்கூனில் ஆசிரியர். விடுமுறையில் கல்கத்தா வந்து வேலை செய்தார்.

1923இல் ராமநாதன் தண்ணீரை ஆராய்ந்தபோது, ஸ்டோக்ஸின் அதே இரு வடிகட்டி முறையைக் கையாண்டார். வெயிலை ஊதா வடிகட்டி வழியாகத் திரவத்துக்குள் செலுத்தினார். பச்சை வடிகட்டியையும் சேர்த்து ஒளி வரும் பாதையில் வைத்தபோது இருள். பச்சையை மட்டும் எடுத்துத் தன் கண்ணுக்கும் திரவத்துக்கும் நடுவே வைத்தபோது ஒரு மெல்லிய தடம் தெரிந்தது. நடுவில் நிறம் மாறுகிறது. ஸ்டோக்ஸின் முறை கையில் இருந்தால் ஸ்டோக்ஸின் பெயரும் கூடவே வந்துவிடுகிறது. ‘பலவீனமான ஃப்ளூரெசன்ஸ்’ என்று குறித்தார். திரவத்தில் ஏதோ கலப்பு இருக்கிறது, அது ஒளிர்கிறது என்பது விளக்கம்.

நியாயமான விளக்கம்தான். ஃப்ளூர்ஸ்பாரே கலப்பால் ஒளிர்ந்த கல் அல்லவா. ராமனுக்கு மட்டும் அது மனத்தில் ஒட்டவில்லை. திரவத்தைத் திரும்பத் திரும்ப மெதுவாகக் காய்ச்சி வடிக்கச் சொன்னார். வடித்தார்கள். கலப்பாக இருந்தால் ஒவ்வொரு வடிப்புக்கும் ஒளிர்வு குறைய வேண்டும். அந்த மெல்லிய தடம் அப்படியே நின்றது. ஆனாலும் பெயர் மாறவில்லை. இரண்டு ஆண்டு கழித்துக் கே.எஸ். கிருஷ்ணனும் வேறு திரவங்களில் அதே தடத்தைப் பார்த்தார், அவரும் அதே பெயரில் குறித்துவிட்டு மேலே போனார்.

கிருஷ்ணன் எங்கள் பக்கத்துக்காரர். 1898இல் வத்திராயிருப்பில் பிறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறித்துவக் கல்லூரி. மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்து வயல்வெளிக்குள் பிறந்த ஒருவர் உலகத்தின் இயற்பியலை மாற்றிய அறையில் நின்றார் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்று நான் பாடுபட்டிருக்கிறேன். இன்னும் போதுமான அளவு தெரியவில்லை. அது எனக்கு வருத்தம்.

1927 கடைசியில் எஸ். வெங்கடேஸ்வரன் என்ற இன்னொருவர், பகலில் அலிப்பூரில் அரசுச் சோதனைக்கூட வேலை, ஓய்வு நேரத்தில் கழகத்தில் ஆராய்ச்சி என்று இருந்தவர், தூய கிளிசரினில் சிதறிய ஒளி நீலத்துக்குப் பதில் பச்சையாகத் தெரிவதைக் கண்டார். அதைவிட முக்கியமாக, அந்தப் பச்சை வலுவாக முனைவாக்கம் பெற்றிருந்தது. அதாவது ஒளியின் அதிர்வு ஒரு திசையில் ஒழுங்குபட்டிருந்தது. சாதாரணத் திரவங்களில் ஃப்ளூரெசன்ஸ் அப்படி இருக்காது. ஒளியை விழுங்கிய மூலக்கூறு அதை உமிழ்வதற்குள் பலமுறை உருண்டுவிடும். திசை நினைவு அழிந்துவிடும். திசை அழியாமல் வந்தால், விழுங்கி உமிழ நேரமே எடுத்துக்கொள்ளவில்லை, பட்ட கணமே சிதறியிருக்கிறது என்று பொருள். அந்த ஆண்டுதான் காம்ப்டனுக்கு நோபல் பரிசு. எக்ஸ் கதிர் சிதறும்போது நிறம் மாறும் என்று காட்டியவர் அவர். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் அப்படி ஒன்று இருக்குமானால்?

கோட்பாட்டு வேலையில் மூழ்கியிருந்த கிருஷ்ணனை ராமன் மறுபடி சோதனைக்கு இழுத்தார். 1928 பிப்ரவரி முதல் வாரம். கிருஷ்ணன் நாட்குறிப்பு எழுதினார். நாம் செய்த நல்வினை அது. திரவம் மாற்றித் திரவம் பார்க்கிறார். எல்லாவற்றிலும் அந்தத் தடம், எல்லாவற்றிலும் முனைவாக்கம். பிப்ரவரி 7ஆம் தேதி இரவு 9 மணி வாக்கில் ராமன் கிருஷ்ணனின் வீட்டுக்கே வந்துவிட்டார். இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று படபடப்போடு சொன்னார். வாசலில் நின்றபடியே கால் மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். அங்கேயே, அப்போதே, அதற்கு ‘மாற்றமுற்ற சிதறல்’ என்று பெயர் வைக்க முடிவெடுத்தார்கள். 1923இலிருந்து ஒட்டிக்கொண்டிருந்த ஃப்ளூரெசன்ஸ் அந்த வாசலில் கழன்றது.

அந்த இரவை நான் கண்டுபிடிப்பின் இரவாகவே எண்ணுகிறேன். பார்வையில் புதிதாக எதுவும் கூடவில்லை. ராமநாதன் பார்த்த அதே மெல்லிய தடம்தான். 16ஆம் தேதி ‘நேச்சர்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் ராமனும் கிருஷ்ணனும் இது ஏன் ஃப்ளூரெசன்ஸ் ஆகாது என்று வாதிட்டார்கள்: ஒளி மிக மெலிது, முனைவாக்கம் வலுவானது. 28ஆம் தேதி நிறமாலைகாட்டி வைத்துப் பார்த்தபோது, உள்ளே போன ஒளிக்கும் மாறிய ஒளிக்கும் நடுவே இருண்ட இடைவெளி தெளிவாகத் தெரிந்தது. அந்த நாளைத்தான் 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். அதே மாதத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மாண்டெல்ஷ்டாமும் குவார்ட்ஸ் படிகத்தில் இதே விளைவைக் கண்டிருந்தார்கள். அவர்கள் வெளியிட்டது பிந்தியது.

பள்ளிகளில் பிப்ரவரி 28 அன்று ராமன் படம் வைத்துப் பூப்போடுகிறார்கள். திருவானைக்காவலில் பிறந்த அந்த மேதைக்கு எல்லாப் பெருமையும் தகும்; சந்தேகிக்கத் தெரிந்தவர் அவர்தான். ஆனால் ராமநாதன் படமும் அங்கே இருக்க வேண்டும் என்பேன். அவர் பிறந்ததே ஒரு பிப்ரவரி 28ஆம் நாள், 1893இல். பின்னாளில் வானிலைத் துறையிலும் ஓசோன் ஆராய்ச்சியிலும் பெரும்பெயர் பெற்று, அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநர் ஆனார். முதலில் பார்த்தது அவர் கண். கிருஷ்ணன் படமும் வேண்டும்.

விளைவுக்கு ராமன் பெயரை வைத்தவர் ஒரு ஜெர்மானியர். பெர்லினில் இருந்த பீட்டர் பிரிங்ஸ்ஹைம், கல்கத்தாச் சோதனையைத் தானும் செய்து பார்த்துவிட்டு, 1928லேயே ‘ராமன் விளைவு’ என்று எழுதினார். அவர் யார் என்றால், 1921இல் ஃப்ளூரெசன்ஸையும் பாஸ்பரெசன்ஸையும் பற்றி முழு நூல் எழுதியவர். அந்தத் துறையில் அவரைவிட அறிந்தவர்கள் மிகக் குறைவு. இது நம் துறைக்குள் வராது, இது வேறு என்று சொல்லும் தகுதி அவருக்கு இருந்தது. அவர் சொன்னதும் உலகம் ஏற்றுக்கொண்டது.

ராமன் நிறமாலையில் சிவப்புப் பக்கம் நகர்ந்து விழும் கோடுகளுக்கு ஸ்டோக்ஸ் கோடுகள் என்று பெயர். ஊதாப் பக்கம் விழுபவை எதிர் ஸ்டோக்ஸ் கோடுகள். வெளிவரும் ஒளி உள்ளே போனதைவிடச் சிவப்புப் பக்கமே இருக்கும் என்பது ஸ்டோக்ஸ் ஃப்ளூரெசன்ஸுக்குக் கண்ட விதி; அதை மீறி ஊதாப் பக்கமும் கோடுகள் கிடைத்ததே ராமன் விளைவு தனி இனம் என்பதற்கு இன்னொரு சான்று. ஆனாலும் பழைய விதியின் பெயரை வைத்தே இரு பக்கத்துக் கோடுகளையும் அழைக்கிறோம்.

என் மாணவி ஒருத்தி இப்போது மருந்துத் தொழிற்சாலையில் மூலப்பொருள் சோதிக்கும் பிரிவில் இருக்கிறாள். கையடக்க ராமன் கருவியை மூட்டையின் பிளாஸ்டிக் உறைமேல் வைத்தால் போதும், உள்ளே இருப்பது என்ன பொருள் என்று திரை சொல்லிவிடும். மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம். அவளுக்கு இருக்கும் பெரிய தலைவலி ஃப்ளூரெசன்ஸ். சில மாவுப் பொருள்கள் லேசர் பட்டதும் தாங்களே ஒளிர்ந்து, மெலிந்த ராமன் கோடுகளை முழுக்க மூழ்கடித்துவிடுகின்றன. “785 நானோமீட்டர் லேசர்ல வரலைன்னா 1064க்குப் போயிடுவோம் சார். சிவப்பு தாண்டிப் போகப் போக ஃப்ளூரெசன்ஸ் அடங்கிடும்” என்றாள். ராமநாதனும் கிருஷ்ணனும் திரவத்தைக் காய்ச்சி வடித்து வடித்துப் பிரிக்க முயன்ற அந்த இரண்டையும் இப்போது லேசரின் அலைநீளத்தை மாற்றிப் பிரிக்கிறார்கள். வடிக்கும் வேலை அடியோடு போய்விடவும் இல்லை. கரைப்பானில் கலப்பு இருந்தால் அதையும் வடித்துத்தான் ஆக வேண்டும் என்று அவளே சொன்னாள்.